பதினோரு அடி வாசல்

"டீம் பஸ் உயரம் பன்னிரண்டு அடி, ஸ்டேடியம் வாசல் பதினோரு அடி. இதை உங்களுக்கு யாரு சொன்னது?"

விளையாட்டுப் போட்டி ஏற்பாட்டுக் குழுத் தலைவர் எழுத்தாளரைக் கூட்ட அறைக்கு வரவழைத்துக் கேட்டார்.

இந்தக் குழுவை நார்நாராகக் கிழிக்கும் டிவி தொடரை வாராவாரம் எழுதுகிறவர் அவர்தான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை, எல்லாம் இங்கிருந்தே கசிகிறது என்பது அவருக்கும் இந்த அறையிலிருந்த இன்னொருவருக்கும்தான் தெரியும்.

மூலையில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்தாளர் அம்மா, இவரை யாரென்றே தெரியாததுபோல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மாட்டினால் அவர் வேலைக்கு வேட்டு. அவர் வேலை போனால் எழுத்தாளர் பிழைப்பும் சேர்ந்து போகும்.

"சொந்தக் கற்பனை சார்" என்றார் எழுத்தாளர், கூசாமல்.

தலைவர் முகம் மலர்ந்தது. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப அடுத்த வாரம் பஸ்ஸை எப்படி உள்ள கொண்டுபோறீங்க? கொஞ்சம் முன்னாடியே சொல்லுங்களேன். வாசலை இடிக்க முடியாது, திறப்பு விழா நடத்திட்டோம். நாலு நாள்ல டீமெல்லாம் வந்து இறங்குது."

இவர்கள் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு அடுத்த வாரத்தை எழுதலாமென்றல்லவா எழுத்தாளர் காத்திருந்தார்!

வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். "பஸ் வெளியவே நிக்கட்டும் சார். எல்லாரும் இறங்கி நடந்து வரட்டும்."

ஒன்பது உறுப்பினர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளையாட்டு வீரர்களுக்கு நடக்கத் தெரியும் என்பது எட்டு மாதமாக அங்கே எவருக்கும் தோன்றவில்லை.

தப்பித்தோம் பிழைத்தோம் என்று எழுத்தாளர் வீடு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்ததும், வழக்கம்போல நோட்டைத் திறந்துகொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"நான் கிளம்பி வந்தப்புறம் அங்க என்ன ஆச்சு?"

சுருக்கெழுத்தாளர் அம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நடக்கிறதுக்குன்னு தனியா ஒரு துணைக்குழு போட்டுட்டாங்க. தலைவர் நீங்கதான். உத்தரவை நான்தான் டைப் பண்ணேன்."

முதல் கூட்டத்தின் ஒரே விவாதப் பொருளும் தாளில் இருந்தது: எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது.

அடுத்த வாரம் ஊர் யாரைப் பார்த்துச் சிரிக்கப்போகிறது என்று புரிந்து எழுத்தாளர் நோட்டை மூடினார். மனைவி மட்டும் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருந்தார்.