மச்சானின் கை

சம்பளம் மொத்தத்தையும் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டு, தேரடித் தெரு கிளப்பிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார் இராமலிங்கம்.

மனைவி கஸ்தூரி சோறு போட்டாள். கல்யாணத்துக்கு முன் கணக்கு டீச்சராக இருந்தவள்.

"அம்பத்திரண்டு சீட்டுல ரெண்டு சீட்டு எத்தனை விதமா கைக்கு வரும்?" என்று சலிப்போடு கேட்டார்.

"ஆயிரத்து முந்நூத்தி இருபத்தாறு விதமா வரும்."

"அத்தனையும் உன் தம்பி காசிக்கு அத்துப்படி. அக்கா புருஷன்னு ஈவிரக்கம் இல்லாம மாசாமாசம் என்னை மொட்டையடிக்கிறான். அவனுக்கு எவன் சொல்லிக்கொடுத்தானோ!"

"நான்தாங்க," என்றாள் களைப்போடு. "ஜெயிச்சதை இப்பதான் கொண்டாந்து கொடுத்துட்டுப் போனான். உங்க சம்பளம் அப்படித்தான் வீட்டுக்கு வருது."

பிசைந்த சோறு அவர் கையிலேயே நின்றது.

"அவனுக்கு வேலூருக்கு மாத்தலாயிடுச்சு. அடுத்த மாசமாவது நேரா வீட்டுக்கு வந்துடுங்க."