ஜாம் ரகம்

ஜாம் கம்பெனி மேலாளர் குனிந்து ஒரு ஸ்ட்ராபெரியை இழுத்தார். பச்சைத் தொப்பி செடியிலேயே தங்கிவிட, பழம் மட்டும் மொட்டையாகக் கையோடு வந்தது. இப்படியொரு ரகத்துக்காகத்தான் லிடியா பல வருஷமாகப் பூவுக்குப் பூ மகரந்தம் தடவிக்கொண்டிருந்தாள்.

“அருமைங்க மேடம்! காம்பு கிள்ள ஆளே வேணாம். பச்சையா தின்னா எப்படி இருக்கும்?”

லிடியா திகைத்தாள். இதுவரை சர்க்கரை போட்டுக் காய்ச்சித்தான் ருசி பார்த்திருக்கிறாள். ஒன்றைப் பறித்து வாயில் போட்டாள். கண் தானாக மூடிக்கொண்டது.

“புளிக்குதோ? புளிச்சா நல்லதுதான். பறிக்கிறவங்க தின்னுட மாட்டாங்க.”

பாத்தியோரம் கூடையோடு நின்ற பெண்கள் அவசரமாக உதட்டைத் துடைத்துக்கொண்டார்கள்.

லிடியா அவர்களைப் பார்த்தாள்.

“சரியான புளிப்பு சார். பல்லு கூசுது,” என்று சொல்லிவிட்டு இன்னொன்றைப் பறித்தாள்.