ஷாகே பாடுவாள்

“என் தம்பி கல்யாணத்துல நீங்க பாடக் கூடாது” என்றாள் வர்த்துஹி, அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும்.

சிட்னி ஆர்மீனியத் தேவாலயத்தை ஒட்டிய சின்ன அறை. கண்ணாடி முன் உட்கார்ந்திருந்த ஷாகே, லிப்ஸ்டிக்கை நிதானமாகப் பூசி முடித்தாள். பாடகிக்கு வயது அறுபத்திரண்டு.

“மூணு பாட்டாவது பாடணும்னு உங்க தம்பிதான் கேட்டார்.”

“தம்பி ஓன்னிக்குக் கூறு ஏது? ஆயர் வர்றார். மெல்போர்ன்லேர்ந்து சித்தி குடும்பமே வந்திருக்கு. பெய்ரூட் கிளப்புல இடுப்பை ஆட்டிப் பாடினவள்னு ஆளாளுக்குப் பேசுவாங்க.”

“பேசட்டும். இடுப்பு இப்ப ஆடாது. குரல் நல்லாத்தான் இருக்கு.”

“விருந்துக்கு டி.ஜே. ஏற்பாடு பண்ணியாச்சு. நீங்க மரியாதையா உட்கார்ந்திருந்தாப் போதும்.”

ஷாகே அவள் பக்கம் திரும்பினாள்.

“பத்தொன்பது வயசுல என்னைக் கட்டிக்கிட்டவர் இதையேதான் சொன்னார். வாயை மூடுன்னார், மூடினேன். பதினோரு வருஷம். ஒரு தாலாட்டுகூடப் பாடல. அப்புறம் ஒத்தைப் பெட்டியோட இந்த ஊருக்கு வந்தேன். பகல்ல பிஸ்கட் கம்பெனியில பேக்கிங், சனிக்கிழமையானா கல்யாணத்துல பாட்டு. மூணு ரெக்கார்டு போட்டேன். இங்க பாதி வீட்டுக் கல்யாணத்துல நான்தான் பாடியிருக்கேன். உங்க பொண்ணு கல்யாணத்துலயும்தான். உங்க சித்திதான் முதல்ல எழுந்து ஆடினாங்க.”

“அது வேற.”

“என்ன வேற?”

“அன்னிக்கு நீங்க வெளி ஆள்.”

“இன்னிக்கும் பாடுவேன். நாளைக்கும் பாடுவேன். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லுங்க, டாக்ஸி பிடிச்சு வீட்டுக்குப் போயிடறேன். உங்க தம்பிக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க.”

ஷாகே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

கதவைத் தட்டிவிட்டு, கோயில் பணியாளர் எட்டிப் பார்த்தார். “மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னால பத்து நிமிஷமா நிக்கிறாரும்மா.”



“பாடித் தொலைங்க” என்று முணுமுணுத்த வர்த்துஹி, மேஜை மேலிருந்த மணப்பெண் முக்காட்டை எடுத்து, ஷாகேயின் நரைத்த தலையில் வைத்து ஊசி குத்திவிட்டாள்.