கீரிக் குட்டி யாரிடம்?

இனிக் கணவனோடு வாழ முடியாது என்று பெண் கீரி முடிவு செய்தது. ஆண் கீரியோ, "போவதானால் நீ மட்டும் போ. குட்டி என் வளையில் பிறந்தவன், எனக்குத்தான் சொந்தம்" என்றது.

அதை நம்பிப் பல மாதம் பயந்து கிடந்த பெண் கீரி, கடைசியில் வக்கீல் முள்ளம்பன்றியிடம் போய் அழுதது.

"அப்படி ஒரு சட்டமே இல்லைம்மா. வளை யாருக்கு என்பது வேறு வழக்கு. குட்டிக்கு எது நல்லது என்றுதான் நீதிபதி பார்ப்பார்" என்றது முள்ளம்பன்றி.

நீதிபதி யானை விசாரித்துவிட்டு, குட்டி தாயிடம் இருக்கட்டும் என்றது. ஆண் கீரி தலையைத் தொங்கப்போட்டது.

"அப்போ நான் அவனைப் பார்க்கவே முடியாதா? அதுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன்."

"வாரக் கடைசியில் உன்னோடு இருப்பான். நீதானே அவனுக்கு அப்பா" என்றது யானை.

முதல் வாரக் கடைசி முடிந்து குட்டியைத் தாயிடம் கொண்டுவந்து விட்டபோது, ஆண் கீரி தயங்கி நின்றது. "ராத்திரி இருமினான். ஈரத்தில் விளையாட விடாதே."

"சரி, பார்த்துக்கொள்கிறேன். நீயும் நனையாமல் போ" என்றது பெண் கீரி.

இருவரும் சண்டையில்லாமல் பேசுவதை நடுவில் நின்று கேட்ட குட்டி, வேண்டுமென்றே இன்னொரு முறை இருமியது.