சாப்பாட்டு மேசைத் தக்காளி

"மனுசருக்கு இருந்து சாப்பிட மேசை இல்லை. தக்காளிக் கண்டுக்கு லைட் வேறை!"

புனிதமலர் மடியில் வைத்த சோற்றைக் கோபத்தோடு பிசைந்தாள். பெப்ரவரியிலிருந்து இதே கூத்துத்தான். சாப்பாட்டு மேசை முழுக்கச் சின்னச் சின்னத் தக்காளிக் கன்றுகள். மேலே இரண்டு நீட்டு லைட், விடிந்தால் பொழுதுபட்டால் எரிகிறது.

"இது பலெர்மோ. வெயில் சும்மா கொட்டுது. வுச்சீரியாச் சந்தையிலை தக்காளி குவிஞ்சு கிடக்குது. உங்களுக்கென்ன விசரே?"

"இன்னும் கொஞ்ச நாள்தானப்பா. பொறும்," என்றான் கணவன் இராயப்பு.

அவளுக்கு ஏற்கெனவே மனம் சரியில்லை. பதினொரு வருடமாக அவள் பராமரித்த கிழவி, சிஞ்ஞோரா, சனிக்கிழமை பலெர்மோவை விட்டே போகிறார். இத்தாலியின் வடக்கே மலையூரில் இருக்கும் மகன் கூட்டிப்போகிறான். அந்தப் பேச்சு எடுத்தாலே அவள் அழுவாள். அதனால் இராயப்பு அவர் பெயரையே எடுப்பதில்லை. பெண்டாட்டி கண் கலங்கி நிற்க, இந்த மனிதருக்குச் செடி வளர்ப்பு!

வெள்ளி காலை அவன் மொண்டெல்லோவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போனதும் அவள் பொறுமை போய்விட்டது. கன்றுகளை எல்லாம் தூக்கிப் பல்கனியில் வைத்தாள்.

"நல்லா வெயில் குடியுங்கோ!"

மாலையில் அவள் வேலையால் வந்து பார்த்தால், இலையெல்லாம் வெளுத்து, தண்டு சரிந்து கிடந்தது. லைட்டிலேயே வளர்ந்த கன்றை வெயிலுக்கு மெல்ல மெல்லத்தான் பழக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது?

இராயப்பு வந்தான், பார்த்தான். ஒன்றும் கதைக்காமல் தண்ணீர் தெளித்தான். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏன் வாயைத் திறக்கிறியள் இல்லை? ரெண்டு பேச்சுப் பேசுங்கோவன்!"

கதவு மணி அடித்தது. சிஞ்ஞோராவின் மகன்.

"விடியக் கிளம்புகிறோம். அம்மாவின் தக்காளிக் கன்றுகளை எடுக்க வந்தேன்," என்றான் இத்தாலிய மொழியில். "எங்கள் ஊரில் கோடை மூன்றே மாதம். அங்கே போய் விதை போட்டால், பழுக்க முதலே குளிர் வந்துவிடும். வளர்ந்த கன்றாகத் தருகிறேன் என்று இராயப்பு சொன்ன பிறகுதான் அம்மா வரவே சம்மதித்தார். விதை, இங்கே பகேரியாவில் அப்பா வைத்திருந்த தோட்டத்தது. கடைசி விதை."

புனிதமலர் திரும்பிப் பல்கனியைப் பார்த்தாள்.

"நான்..." என்று தொடங்கினாள்.

இராயப்பு முந்திக்கொண்டான்.

"மன்னித்துக்கொள்ளுங்கள். புத்தியில்லாமல் நான்தான் வெயிலில் வைத்துவிட்டேன்."