தகர நாக்கு

“...அதான் சொல்லுதம்லா, கிரீடம் வச்சாச்சு. இனி அப்பான்னு கூப்புடப்படாது, கேட்டியாட்டி?”

அம்மா மகளின் தோளை அழுத்திச் சொன்னாள்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணை எடுக்கவில்லை.

தெருவை அடைத்துக்கொண்டு காளி நின்றாள்.

காலையில் அது அப்பா. வெற்றுடம்போடு ஸ்டூலில் உட்கார்ந்து, மாமா பூசிய கறுப்புச் சாயம் காய்வதற்காகக் கைகளை விரித்துக்கொண்டிருந்த அப்பா. அவள்தான் விசிறிவிட்டாள். சூரத் முறுக்குக் கம்பெனியில் எண்ணெய் தெறித்த தழும்புகள் சாயத்துக்குள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

அப்புறம் முதுகில் எட்டு மரக்கைகள் ஏறின. சடைமுடி இறங்கியது. கிரீடத்தை இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள்.

கடைசியில் தகர நாக்கு.

அதைப் பல்லில் கடித்ததும் அப்பா தீர்ந்துபோனார்.

குலசை அம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து வேஷம் கட்டினவர், அது கலைகிறவரை மனுஷர் கிடையாது. அந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும்.

மேளம் பிளந்தது. சலங்கை குதித்தது. மண் அதிர்ந்து அவள் உள்ளங்காலில் ஏறியது.

‘ஏல லிங்கத்தொர’ என்று அப்பாவை நாள் முழுக்க அதட்டுகிற பெரியப்பா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

‘துண்ட எங்கயாவது போட்டுட்டு எங்கிட்ட வந்து கேளுங்க’ என்று நேற்று அப்பாவை வைத அம்மாவும் விழுந்தாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் மயினி தன் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டாள். யாரோ ஒரு கிழவர் முழங்கால் வலி போகக் கேட்டார். நாக்கைக் கடித்திருக்கும் காளி பேசுவதில்லை. நெற்றியில் குங்குமம் வைப்பாள். அதுதான் பதில்.

“நீயும் கேளுட்டி. நல்லாப் படிப்பு வரணும்னு கேளு.”

அவளுக்குப் படிப்பு நினைவில் இல்லை.

கட்டிலுக்கடியில் இருந்த பைதான் நினைவில் இருந்தது. ஜிப் மூடாமல் அம்மா முழங்காலால் அழுத்தி அழுத்தி மூடிய பை. தசரா முடிந்த மறுநாள் ரயில். அப்புறம் அப்பாவைப் பார்க்க அடுத்த தசரா வரவேண்டும்.

போகாதீங்க என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். ‘அடுத்த வருஷம் பாப்பம் மக்கா’ என்பார். எல்லா வருஷமும் அதையேதான் சொல்வார்.

இது அப்பா இல்லையே.

கைகூப்பி அண்ணாந்தாள். கழுத்து வலிக்கிற உயரம்.

“தாயே, எங்கப்பா இனிமே சூரத்துக்குப் போவப்படாது.”

மேளம் நின்றது.

“ஏ, ஆரப் பத்தி ஆருகிட்ட கேக்கா பாரு!” பின்னால் ஒருத்தன் சிரித்தான்.

“சும்மா கெடலே,” என்றார் பெரியப்பா.

காளியின் கை குங்குமத் தட்டுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு காளி குனிந்தாள்.

கிரீடம் சரியாமல் மாமா ஓடிவந்து பின்னால் தாங்கினார். மரக்கைகள் அவளுக்கு மேலே கவிந்து வானத்தை மறைத்தன. கறுத்த முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. சாய வாடை. கற்பூரம். வெறும் வயிற்றின் சூடான மூச்சு.

காளியின் கண்ணுக்குள் அவள் தேடினாள்.

சிவந்த கண். இமைக்காத கண். அவளைத் தாண்டிக் கடல்வரை பார்க்கிற கண்.

எங்கேயும் அப்பா இல்லை.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஓடவில்லை.

காளி, அந்தத் தெரு அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தாள். தகர நாக்கைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

“போவமாட்டான்.”

எண்ணெய்ப் புகையில் கரகரத்துப்போன குரல் அப்பாவுடையது. இந்தக் குரலில் கரகரப்பே இல்லை. ஆழக் கிணற்றின் அடியிலிருந்து ஏறி வருவதுபோல் வந்தது.

நெற்றியில் விரல் பதிந்தது. நாக்கு பல்லுக்குத் திரும்பியது. மேளம் வெடித்து எழுந்தது.

வேஷம் கலைத்துக் கடலில் முங்கி வந்த மறுநாள், அப்பா கட்டிலில் உட்கார்ந்து, நகக்கண்ணில் ஒட்டிய சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மா பையோடு வாசலில் நின்றாள்.

“ரயிலுக்கு நேரமாச்சு. கெளம்பலியா?”

“எப்படிக் கெளம்ப? அம்மன் வாக்கு குடுத்துட்டான்னு ஊரே சொல்லுது.”

“நீங்கதான குடுத்திய?”

“நானா? எனக்கு ஒண்ணும் ஓர்மை இல்லயே.”

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு பையின் ஜிப்பைத் திறந்து, சட்டைகளைத் திரும்பக் கொடியில் போட்டாள்.

சூரத் முதலாளி போன்மேல் போன் போட்டார். கம்பெனியில் பங்கு தருகிறேன் என்றுகூடச் சொன்னார். அப்பா போகவில்லை. மெயின்ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் தகரக் கொட்டகை போட்டு எண்ணெய்ச் சட்டி வைத்தார். முதல் வருஷம் வியாபாரம் படுத்துக் கிடந்தது. விற்காத முறுக்கைத்தான் வீட்டில் காலையிலும் தின்றார்கள். ஈறு கிழிந்தாலும் அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எதிரே அப்பாவும் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தாரே.

இன்றைக்கு அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்டுவிடுகிறாள்.

“உள்ளதச் சொல்லுங்கப்பா. நெசமாவே ஓர்மை இல்லியா?”

“வேஷத்துல நடந்தது எனக்கு எப்படிட்டி தெரியும்?”

சொல்லிவிட்டு, பேத்திக்கு முறுக்கை நுணுக்கிப் பாலில் போடக் குனிந்துகொள்கிறார். குனிந்த முகம் நிமிர ரொம்ப நேரமாகிறது.

நீங்களே சொல்லுங்களேன், அப்பாவுக்கு நிஜமாகவே ஓர்மை இல்லையா?