கம்பிக்கு வெளியே ஒரு மூலை

சாய்ந்த சுவர் வைத்த தண்ணீர்த் தொட்டிக்காகக் கம்பி வேலைக்காரி எஸ்தர் நாற்பது கம்பிகளைக் கையாலேயே வளைத்து அடுக்கியிருந்தாள். வரைபடம் கேட்டது நூற்றுப்பத்து டிகிரி. பொறியாளர் குமரகுரு மேலே கிடந்த கம்பியின் வளைவில் பாகைமானியை வைத்தார். அது நூற்றுப்பதினாறு காட்டியது. வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் இரும்பு விரிசல் விடும். கோணம் தப்பென்றால் நாற்பதும் பழைய இரும்புக்குத்தான் போகும்.

“ஜாமெட்ரி டப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டீங்களே சார், வீட்ல பாப்பா தேடாதா?” என்றாள் எஸ்தர். “கம்பி மூலையா மடங்கல, உருண்டுல்ல திரும்புது. இல்லாத மூலைல வச்சா அது என்னத்தக் காட்டும்?”

“அப்ப எங்கதாம்மா வைக்கிறது?”

அவள் அந்தக் கம்பியைப் பலகையில் கிடத்தி, நேராக ஓடும் இரண்டு பக்கங்களின் வெளிவிளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்தாள். கம்பியை எடுத்துவிட்டுக் கோடுகளை நீட்டினாள். கம்பி தொட்டே இராத ஓர் இடத்தில் அவை சந்தித்தன. குமரகுரு அங்கே பாகைமானியை வைத்துக் குனிந்தார். நூற்றுப்பத்து.

“மத்ததையும் இது மேலயே வச்சுப் பாத்துருங்க. அப்புறம் சந்தேகம்னு சாப்பாட்டு நேரத்துல வந்து நிக்கக் கூடாது.”

அவர் எடுத்து வைத்த ஒவ்வொரு கம்பியும் கோடுகளின் மேல் பொருந்தி உட்கார்ந்தது. வளைவிலிருந்து விரல் அகலத்துக்கு அப்பால் அந்த மூலை மட்டும் காலியாகவே இருந்தது. அவர் பன்னிரண்டாவது கம்பியை வைப்பதற்குள் எஸ்தர் கட்டுக்கம்பியோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். குமரகுரு பதின்மூன்றாவதையும் வைத்து, அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.